பேரெடுத்தவர்

என் மனுசன் பேரெடுத்தவர்.
இருநூற்றுப் பதினாலு பேர்,
எல்லாம் டொட் கொம்.
ஒன்றிலும் குடியில்லை.
வேலி அடைத்து "விற்பனைக்கு" எழுதிய
வெறுங்காணிகள்.

வெள்ளவத்தையை ஆங்கிலத்தில்
எத்தனை விதமாய்ப் பிழையாய் எழுதலாமோ
அத்தனையும் இவருடையது.
"அவசரத்தில் ஒருத்தன் ஒரு 'டி'யை விடுவான், பாரும்"
என்கிறார்.
ஏழு வருசமாய்க் கொழும்பில்
ஒருத்தருக்கும் அவசரமில்லை.

காலி வீதியில் இவரோடு நடக்கேலாது.
பெயின்ட் காயாத பலகை கண்டால் நின்றுவிடுவார்.
உள்ளே முதலாளி சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள்
வெளியே இவர் கடையின் பேரை வாங்கியிருப்பார்.
பிறகு படியேறி, மெதுவாக:
"இன்டர்நெட்டுக்கு வரேக்கை சொல்லுங்கோ அண்ணை."
திறப்பு விழா லட்டு ஒன்று கிடைக்கும்.
இன்றுவரை வந்த வருமானம்
அந்த லட்டுகள்தான்.

கலியாண வீட்டில்
மாப்பிளை பேரையும் பொம்பிளை பேரையும் ஒட்டிப் பார்ப்பார்.
தாலி ஏறும் நேரம் தலை குனிந்திருக்கும்;
பக்தி என்று நினைக்கிறது சனம்.
செத்தவீட்டில் மட்டும் ஒரு பண்பு,
எட்டுச்செலவு முடியும்வரை கேட்கமாட்டார்:
"தம்பி, அப்பாவின்ரை டொமைன் இப்ப ஆரிட்டை?"

மகளுக்கு மயூரி என்று வைக்க இருந்தோம்.
அது கலிபோர்னியாவில் யாரிடமோ இருந்தது.
ஆகவே பிள்ளை மயூரிக்ஸா.
மூன்று தரம் கேட்டுத்தான்
டீச்சர் இடாப்பில் எழுதினா.

சனிக்கிழமை பின்னேரம்
மரைன் டிரைவ் தேத்தண்ணிக் கடையில்
இவரும் ரிஸ்மியும் சமிந்தவும்.
மூன்று பேரும் வாய் திறப்பதில்லை.
நல்ல சொல் ஒன்று தவறி விழுந்தால்
மற்றவன் மேசைக்குக் கீழே பதிந்துவிடுவான்.
கடல் கதைக்கும், கோச்சி கதைக்கும்.
போன மாசம் ரிஸ்மி தும்மினான்;
மற்ற இரண்டு பேரும்
எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள்.

ஒரேயொரு முறை ஒருத்தன்
நாற்பது டொலருக்குக் கேட்டான்.
இவர் நாலாயிரம் என்றார்.
ஆளைக் காணவில்லை.
"யோசிக்கிறான்" என்றார் இவர்.
நாலு வருசமாய் யோசிக்கிறான்.

வைகாசியில் கிரெடிட் காட் காலாவதி.
புதுக் காட் வந்து, ஒவ்வொன்றாய்ப் புதுப்பித்தவர்
ஒன்றை மறந்துபோனார்:
சற்குணானந்தன் டொட் கொம்.
ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து,
அவருடைய சொந்தப் பேர்.
ஆவணியில் அது விழுந்தது.
விழுந்த கையோடு
ஆரோ தூக்கிவிட்டான்.

அந்த ஆரோ நான்.
சீட்டுக் காசு.
தங்கச்சியின் மகன் பதிந்து தந்தான்,
வாய் மூட ஒரு கொத்து ரொட்டி.

இப்போது இரவு இரண்டு மணிக்கு
அவர் ஹோலிலிருந்து எழுதுகிறார்.
நான் போர்வைக்குள் வாசிக்கிறேன்.
பதினொரு வருசம் பக்கத்தில் படுத்துப் படித்த படிப்பு:
உடனே பதில் போடக்கூடாது.
மூன்று நாள் காயவிட வேண்டும்.
டுபாயில் இன்னொருத்தர் கேட்கிறார் என வேண்டும்.
விலை சொன்ன பிறகு
மூச்சு விடக்கூடாது.

ஐந்நூறு என்றேன்.
எண்பது என்றார்.
பேசாமலிருந்தேன்.
நூற்றைம்பது என்றார்.
மீன் பொரித்தேன், உடுப்புத் தோய்த்தேன்,
பேசாமலிருந்தேன்.

இன்று விடிய குசினிக்கு வந்தார்.
முகத்தில் நெடுநாள் காணாத வெளிச்சம்.
"கடும் ஆள் ஒருத்தன் மாட்டியிருக்கிறான், வதனி.
வலு கெட்டிக்காரன்.
தொழில் தெரிஞ்சவன்."

கலியாணம் கட்டிய நாள்தொட்டு
என்னைப் பற்றி அவர் சொன்ன
முதல் நல்ல வார்த்தை.

தேத்தண்ணிக்குச் சீனி
ஒரு கரண்டி கூடப் போட்டேன்.
விலையை
அறுநூறாக்கினேன்.